வியாதியஸ்தர் தலைமாட்டில்: கண்டியின் மூப்பர்களும் உபதேசிமாரும்

உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்ற கத்தோலிக்க இல்லறத்தார் ஒருவர், காலைப் பூசை கண்டு முடிந்ததும் வீடு திரும்பாமல், செபமாலையையும் செபப்புத்தகத்தையும் கையில் எடுத்துக்கொண்டு, நோயாளர் படுத்திருக்கும் வீடுகளைத் தேடிப் போய், அவர்களுடைய தலைமாட்டில் அமர்ந்து செபித்து வருவது, கண்டி நகரிலும் அதைச் சூழ்ந்த கட்டுகஸ்தோட்டை, அம்பிட்டிய, பேராதனை, கம்பளை முதலிய இடங்களிலும் இன்று பழக்கமான காட்சி. இதைப் பார்க்கிறவர்களில் பலர், இஃது அண்மைக்காலத்தில் அமெரிக்காவிலிருந்தோ கேரளத்திலிருந்தோ வந்து சேர்ந்த புதுமை என்று கருதுகிறார்கள். செபக்கூட்டங்களின் பாட்டும் கைதட்டலும் புதியவை என்பது மெய்தான். ஆனால், குருவானவர் அல்லாத ஒரு மனிதர் வியாதியஸ்தரிடம் சென்று சர்வேசுரனை மன்றாடும் ஊழியம் இந்த மலைநாட்டில் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் வேர்விட்டு நிற்பது. குருமார் இல்லாத காலங்களில் இங்கே விசுவாசத்தை உயிரோடு காத்ததும் அந்த ஊழியமே. அதன் விருத்தாந்தத்தை ஓரளவு விரிவாகச் சொல்லுவது அவசியமென்று நினைக்கிறேன்.

ஒல்லாந்தர் 1656-இல் கொழும்பையும் 1658-இல் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய பின்னர், கத்தோலிக்கக் குருமார் கரையோரப் பகுதிகளிலிருந்து துரத்தப்பட்டார்கள். குருவுக்கு அடைக்கலம் கொடுப்பதே மரணதண்டனைக்குரிய குற்றமாயிற்று. மேய்ப்பரில்லாமல் கிடந்த அந்த மக்களைத் தேடி, கோவாவில் 1651-ஆம் ஆண்டு பிறந்த ஜோசே வாஸ் சுவாமியார், 1687-இல், கூலியாளின் வேஷத்தில், ஜோவாம் என்னும் தம் ஊழியன் ஒருவனை மாத்திரம் துணைகொண்டு இலங்கைக்கு வந்து சேர்ந்தார். வந்த உடனே இருவரும் வயிற்றுக்கடுப்பால் உயிருக்கு மன்றாடும் நிலையில் விழுந்துகிடக்க, பெண்ணொருத்தி கஞ்சி கொண்டுவந்து கொடுத்து அவர்களைப் பிழைப்பித்தாள் என்று அவருடைய சரித்திரங்கள் கூறுகின்றன. பிற்காலத்தில் ஆயிரக்கணக்கான வியாதியஸ்தருக்கு ஆறுதலாயிருந்த மனிதர், இந்நாட்டில் முதன்முதல் செய்தது வியாதியாய்க் கிடந்து பிறர் கையால் கஞ்சி வாங்கிக் குடித்ததுதான். அந்தப் பெண்ணின் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை.

யாழ்ப்பாணத்திலும் சில்லாலையிலும் மறைந்திருந்து ஊழியம் புரிந்து, புத்தளம் வழியாக 1692-இல் அவர் கண்டிக்கு வந்தபோது, அரசனுடைய ஊழியத்திலிருந்த லானரோல் என்னும் பிரெஞ்சுக்காரர், தாம் புரொட்டஸ்தாந்து மதத்தினராதலால் இவரைப் போர்த்துக்கேயரின் ஒற்றர் என்று குற்றஞ்சாட்ட, இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன் அவரைக் காவலில் வைத்தான். கண்டியில் அப்போது முந்திய யுத்தங்களில் சிறைப்பட்டுக் குடியமர்ந்த போர்த்துக்கேயரின் சந்ததியாரும், ஒல்லாந்தருக்கு அஞ்சி மலையேறி வந்தவர்களும் ஆகிய கத்தோலிக்கர் இருந்தார்கள். நெடுங்காலமாகக் குருவானவரின் முகத்தையே காணாதவர்கள். காவலிருந்த இடத்திலேயே ஓலைக்குடில் ஒன்றைக் கோவிலாக்கிக்கொண்ட சுவாமியாரிடம் அவர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். கடும்பஞ்சம் ஒன்றின்போது மழைக்காகச் செபிக்கும்படி அரசன் கேட்டதையும், வெளியில் சிலுவை நாட்டி அவர் முழந்தாளில் நின்று மன்றாட மழை பொழிந்ததையும் பாரம்பரியம் சொல்லுகிறது. நம் ஊர்ப் பிரசங்கங்களில் அதிகமாகக் கேட்கப்படுவது அந்த மழையின் கதைதான். ஆயினும், என் கணிப்பில், அவருடைய ஊழியத்தின் சிகரம் அதன்பின் 1697-இல் வந்த அம்மை வருஷத்தில் இருக்கிறது.

அந்த வருஷம் கண்டி மாநகரில் பெரியம்மை பரவியது. அக்காலத்து ஜனங்களுக்கு அம்மை என்பது வெறும் வியாதியன்று, தெய்வத்தின் சினம். தலதா மாளிகைக்கு எதிரே இன்றும் நிற்கும் பத்தினி தேவாலயத்தின் தெய்வம் அந்த வெப்பத்தை ஏவவும் ஆற்றவும் வல்லவள் என்பது சிங்கள மக்களின் நம்பிக்கை. மாரியம்மனை வழிபடும் தமிழருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அம்மை கண்டவனைத் தொடுவதற்கு உற்றாரும் அஞ்சினார்கள், அரசனும் தலைநகரை நீங்கினான், பிரபுக்கள் நீங்கினார்கள், நீங்க முடியாதவர்கள் தங்கள் வீட்டு நோயாளரைக் காட்டோரத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்கள். அன்பில்லாமை என்று அவர்களை இகழ்வதற்கு நமக்கு நியாயமில்லை. ஒரு வீட்டில் ஒருவனுக்குக் கண்டால் அந்த வீடு முழுவதும் அழியக்கூடிய காலம் அது.

அப்படி விடப்பட்டவர்களை வாஸ் சுவாமியாரும், அவருக்கு உறவினரும் துணைக்குருவுமான ஜோசே கார்வாலோ சுவாமியாரும் தேடித்தேடி எடுத்துவந்தார்கள். வெறிச்சோடிக் கிடந்த வீடுகளை ஆஸ்பத்திரிகளாக்கினார்கள். கத்தோலிக்கர், பௌத்தர் என்ற பேதம் பாராமல் புண்களைக் கழுவினார்கள். உணவு சமைத்து ஊட்டினார்கள். இறந்தவர்களுக்குக் குழி தோண்டி அடக்கம் செய்தார்கள். ஊட்டியும் கழுவியும் ஓய்ந்த வேளைகளில் செபித்தார்கள் என்பதைக் காட்டிலும், ஊட்டுவதும் கழுவுவதுமே அவர்களுக்குச் செபமாயிருந்தது என்று சொல்லுவது பொருந்தும். இந்த மாதங்களைப்பற்றி எழுதியவர்கள் அற்புதக் குணங்களின் பட்டியல் ஒன்றையும் நமக்கு விட்டுச்செல்லவில்லை. கஞ்சியையும் தண்ணீரையும் மண்வெட்டியையுமே விட்டுச்சென்றிருக்கிறார்கள். நகரத்துக்குத் திரும்பிய அரசன், இவர்கள் இல்லாதிருந்தால் வீதிகளில் பிணங்களே குவிந்திருக்கும் என்ற கருத்துப்படப் பேசினான் என்பது பாரம்பரியம்.

இரண்டு குருமார் ஒரு நகரத்துக்குப் போதுமாயிருக்கலாம். ஒரு தீவுக்குப் போதார் என்பதை வாஸ் சுவாமியார் அறிந்திருந்தார். கோவாவிலிருந்து வந்த, அவருடைய ஒரத்தோரியன் சபைக் குருமார் எக்காலத்திலும் மிகச் சிலரே. ஒரு கிராமத்தைவிட்டுப் புறப்பட்டால் மறுபடியும் அங்கே திரும்பப் பல மாதங்கள், சிலவேளை வருஷங்கள் செல்லும். இடைக்காலத்தில் குழந்தை பிறந்தால் ஞானஸ்நானம் கொடுப்பவர் யார்? சாகிறவனுடைய காதில் மனஸ்தாப மந்திரத்தைச் சொல்லிக்கொடுப்பவர் யார்? இதற்காகவே அவர் ஊர்தோறும் மூப்பர், அண்ணாவியார் என்னும் இல்லறத்தாரை நியமித்து நிலைபெறச் செய்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஜனங்களைக் கூட்டிச் செபஞ்சொல்லுவதும் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் படிப்பிப்பதும் அண்ணாவியாருக்கும், கோவிலைப் பராமரிப்பதும் குருவானவரை அழைத்துவந்து காப்பதும் ஊர் ஒழுங்கைக் கவனிப்பதும் மூப்பருக்கும் உரியனவாயின. ஆபத்தான வேளையில் ஞானஸ்நானமும், மரணப்படுக்கையில் செபமும், அடக்கத்தில் முன்னிற்றலும் இருவருக்கும் பொது.

மூப்பர் என்பவர் வயதில் மூத்தவராயிருப்பதே பெரும்பாலும் வழக்கம். வயலைப் பிள்ளைகளிடம் ஒப்புவித்தவர், வியாபாரத்திலிருந்து ஒதுங்கியவர், இளமையின் அலைச்சல் அடங்கியவர் ஆகியோரையே ஜனங்கள் அந்தப் பணிக்கு ஏற்றவராகக் கண்டார்கள். இதில் ஆழ்ந்த விவேகம் உண்டு. வியாதியஸ்தர் அருகில் உட்காருகிறவனுக்கு முதலாவதாக வேண்டுவது நேரம். அடுத்து, மரணத்தைக் கண்டு பதறாத நெஞ்சு. இவ்விரண்டும் முப்பது வயதில் கிடைப்பது அரிது.

வாஸ் சுவாமியார் 1711 ஜனவரி 16-இல் கண்டியிலேயே மரித்து, அங்கிருந்த தம் கோவிலிலேயே அடக்கம் செய்யப்பட்டார். அவருக்குப்பின் ஜாக்கொமே கொன்சால்வெஸ் சுவாமியார் சிங்களத்திலும் தமிழிலும் நூல்களை இயற்றினார். தவசுகாலத்தில் வடபகுதிக் கோவில்களில் இராகத்தோடு வாசிக்கப்படும் வியாகுல பிரசங்கம் அவர் இயற்றியதே. குருவில்லாத கோவிலிலும் அண்ணாவியார் ஒருவர் எடுத்து வாசித்தால் ஜனங்கள் அழுது மனந்திரும்பும்படி அமைந்தது அது. நரேந்திரசிங்க மன்னன் காலம்வரை கண்டியில் குருமாருக்கு ஆதரவு இருந்தது; 1739-இல் பட்டத்துக்கு வந்த ஸ்ரீவிஜய ராஜசிங்கன் காலத்தில் அந்த ஆதரவு நீங்கிக் குருமார் வெளியேற்றப்பட்டார்கள், கோவில்கள் அழிந்தன. கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு மாத்தளைப் பகுதியிலுள்ள வஹாக்கோட்டை போன்ற ஒதுக்குப்புறக் கிராமங்களே புகலிடமாயின. அங்கே அந்தோனியார் சுரூபத்தையும் செபங்களையும் தந்தையிடமிருந்து மகன் ஏற்று, குருவின் வருகை அபூர்வமாயிருந்த நீண்ட காலத்தை அந்த ஜனங்கள் கடந்தார்கள். பூசையில்லை, பாவசங்கீர்த்தனமில்லை, அவஸ்தைப்பூசுதலில்லை. ஊர்ப் பெரியவர் ஒருவர் படுக்கையருகே வந்து சொல்லும் செபம் ஒன்றே இருந்தது. அது போதுமானதாயிருந்தது என்பதற்கு, இன்றும் திருவிழாவுக்கு ஆயிரக்கணக்கானோர் கூடும் வஹாக்கோட்டைக் கோவிலே சாட்சி.

ஒல்லாந்தருக்குப்பின் வந்த ஆங்கிலேயர் கத்தோலிக்கர் மீதிருந்த தடைகளை 1806-இல் நீக்கினார்கள். கண்டி இராச்சியம் 1815-இல் அவர்கள் கைக்குச் சென்றது. அதன்பின் மலைகளில் முதலில் கோப்பியும், 1867-இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கிய பயிருக்குப்பின் தேயிலையும் பரவ, தென்னிந்தியாவின் திருச்சி, மதுரை, புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து தொழிலாளர் கூட்டங்கூட்டமாக வந்தனர். அவர்களுள் கத்தோலிக்கரும் இருந்தனர். இவர்கள் வருகையால் மூப்பருடைய பழைய ஊழியம் உபதேசியார் என்ற வேறொரு பெயரில் மலைமேல் புதிதாகப் பிறந்தது.

தோட்டத்து உபதேசியாரைப்பற்றி நம் சபைச் சரித்திரங்கள் போதுமான அளவு பேசவில்லை என்பது என் நெடுநாளைய குறை. கலஹா, தெல்தோட்டை, ஹேவாஹெட்ட, புசல்லாவைப் பக்கங்களில், ஒரு மலைக்கும் அடுத்த மலைக்கும் இடையே அரைநாள் நடை. குருவானவர் தோட்டத்துக்கு எப்போதாவது ஒருமுறை வருவார். வந்த அன்று பூசையும் ஞானஸ்நானங்களும் விவாகங்களும் ஒருசேர நடக்கும். மறுநாள் அடுத்த தோட்டம். மற்ற நாட்களெல்லாம் உபதேசியாருடைய நாட்கள். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் ஒருவருக்குச் சுகமில்லையென்று இரவில் ஆள் வந்தால், தலையில் கம்பளியைப் போர்த்துக்கொண்டு, கையில் அரிக்கேன் லாந்தரோடு, அட்டை கடிக்கும் குறுக்குப் பாதையில் அவர் ஏறிப் போவார். லயக்காம்பரா என்பது பத்தடி அகலத்துக்கு மிகாத ஓர் அறை. அதற்குள்ளேயே அடுப்பு, அதற்குள்ளேயே நோயாளி. அவர் முதலில் செய்வது, புகையும் அடுப்பை வெளித்திண்ணைக்கு மாற்றச் சொல்லுவது. பிறகு நோயாளியின் நெற்றியில் சிலுவை அடையாளமிட்டு, தீர்த்தம் தெளித்து, பிரார்த்தனை மாலையைத் தொடங்குவார். வாசலில் கூடி நிற்கும் ஜனங்கள், அவர்களில் பாதிப்பேர் இந்துக்கள், தங்களுக்குத் தெரிந்த இடத்தில் சேர்ந்துகொள்வார்கள். சாகக்கிடக்கும் குழந்தையானால், மூச்சு இருக்கும்போதே தண்ணீர் வார்த்து ஞானஸ்நானம். விடியற்காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கூட்டுவதற்கு, தப்படிக்கும் சத்தம் கேட்டதும், செபஞ்சொன்னவரும் மற்றவர்களோடு மலைக்குப் போக வேண்டியவர்தாம். உபதேசிமாரில் பலருக்கு அதுவே பிழைப்பு.

அவர் மந்திரிப்பவரல்லர் என்பதை ஜனங்கள் அறிந்தேயிருந்தார்கள். கயிறு கட்டுகிறவரும் தேங்காய் சுற்றுகிறவரும் லயத்திலேயே இருந்தார்கள். அவர்களுக்குக் காசு கொடுக்க வேண்டும். உபதேசியாருக்குத் தேநீர் கொடுத்தால் போதும். வியாதி கடுமையானால், தோட்டத்து டிஸ்பென்சரிக்கு எடுத்துப்போங்கள் என்று சொல்லுகிறவரும், அங்கே பேச அஞ்சுகிற தொழிலாளிக்காகப் பேசுகிறவரும் அவரே.

கண்டி 1883-இல் தனி அப்போஸ்தலிக்க விகாரியேட்டாகிச் சில்வெஸ்திரின் ஆசீர்வாதப்பர் சபைத் துறவிகளிடம் ஒப்படைக்கப்பட்டு, 1886-இல் மறைமாவட்டமாக உயர்ந்தது. 1893-இல் பதின்மூன்றாம் சிங்கராயர் பாப்பரசரின் விருப்பப்படி அம்பிட்டியவில் பாப்பரசர் குருமடம் எழுந்தது. இந்தியா முழுவதற்குமான குருமாணவர்கள் 1955 வரையில், அந்தக் குருமடம் பூனாவுக்கு மாற்றப்படும் வரையில், அங்கே பயின்றார்கள். அவ்வளவு பெரிய வித்தியாசாலை அருகிலேயே இருந்தும் மலைத்தோட்டங்களின் பசி முழுவதும் தீரவில்லை. மலைகள் அத்தனை, தோட்டங்கள் அத்தனை.

பின்பு நேர்ந்த இழப்பு அதைவிடக் கொடியது. 1948-இன் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத்தமிழரை நாடற்றவராக்கிற்று. 1964 அக்டோபர் 30-இல் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தது. கண்டிப் பகுதித் தோட்டங்களிலிருந்து தலைமன்னார்க் கப்பலுக்கு ரயிலேறிய குடும்பங்களுள் உபதேசிமாரின் குடும்பங்களும் இருந்தன. ஒரு தோட்டத்திலிருந்து ஒரு கங்காணி போனால் வேறொருவர் வருவார். நூறு வீட்டு மரணப்படுக்கைகளைக் கண்டவர் போய்விட்டால் அவ்விடத்துக்கு ஆளில்லை. நீலகிரியிலும் கொடைக்கானல் மலையிலும் குடியேறியவர்கள் தங்களோடு அந்தச் செபங்களையும் கொண்டுபோனார்கள் என்பது ஓர் ஆறுதல்.

இப்படிப் பழைய ஊழியம் தேய்ந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான் உரோமையில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூடியது. பரிசுத்த ஆவியின் அருங்கொடைகள் அப்போஸ்தலர் காலத்தோடு முடிந்துபோனவை போலச் சிலர் பேச, 1963 அக்டோபரில் பெல்ஜியக் கர்தினால் சுவனென்ஸ் எழுந்து, அவை இன்றைய சாதாரண விசுவாசிகளுக்கும் அளிக்கப்படுகின்றன என்று வாதாடினார். அடுத்த ஆண்டு வெளிவந்த திருச்சபை பற்றிய சாசனம் அவர் கருத்தையே ஏற்றது. 1967 பிப்ரவரியில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்து டியூகேன் பல்கலைக்கழகத்து மாணவர் சிலருடைய தியானத்தில் தொடங்கிய அருங்கொடை இயக்கம் எழுபதுகளில் இலங்கைக்கும் வந்தது. பின்னர்க் கேரளத்தின் போட்டா, முரிங்ஙூர்த் தியான இல்லங்களுக்குச் சென்று திரும்பியவர்கள் அதன் வேகத்தை மிகுவித்தார்கள். இவற்றைவிடச் சத்தமில்லாமல் வந்து, அதிகமாக மாற்றியது வேறொன்று: 1973 ஜனவரியில் உரோமையிலிருந்து வெளியான ஓர் அறிவிப்பு, வேண்டிய இடங்களில் இல்லறத்தாரும் நற்கருணையை வியாதியஸ்தரிடம் கொண்டுபோகலாமென்று அனுமதித்தது. வஹாக்கோட்டைப் பெரியவருக்கும் தெல்தோட்டை உபதேசியாருக்கும் கிட்டாத பாக்கியம் அது.

கச்சேரி எழுதுவினைஞராகவோ, தபாலதிபராகவோ, பாடசாலை ஆசிரியராகவோ, ரயில்வே உத்தியோகத்தராகவோ அறுபது வயதுவரை உழைத்து ஓய்ந்த மனிதருக்கு, முதல் சில மாதங்கள் எவ்வளவு வெறுமையானவை என்பதை அனுபவித்தவர் அறிவர். கோவைகளில் கையொப்பமிட்ட கைக்கு வேலையில்லை; வீட்டிலும் அவர் இல்லாமலே எல்லாம் நடந்து பழகிவிட்டது. அந்த வெறுமையில் பங்குக்குருவானவர் ஒருநாள், இன்ன வீட்டில் ஒருவர் படுத்திருக்கிறார், போய்ப் பார்த்துவாருங்கள் ஐயா என்று சொல்லி அனுப்புவதிலிருந்து எத்தனையோ பேருடைய இரண்டாம் ஆயுசு ஆரம்பிக்கிறது. கழுத்தில் தொங்கும் சிறு நற்கருணைச் சிமிழோடு அவர் வருகிறாரென்று அறிந்த வீட்டார், ஒரு சிறு மேசையில் வெள்ளைத்துணி விரித்து, பாடுபட்ட சுரூபமும் மெழுகுதிரியும் ஒரு கோப்பைத் தண்ணீரும் வைத்துக் காத்திருப்பார்கள். வழியில் எவரோடும் பேசாமல் வருவது பழைய ஒழுங்கு. அதைக் கடைப்பிடிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பக்கவாதத்தால் வாய் கோணிய நோயாளிக்கு அப்பத்தின் ஒரு துணுக்கை நாவில் வைத்து, தேக்கரண்டியால் தண்ணீர் ஊட்டி, அது விழுங்கப்படும்வரை தாடையைத் தாங்கிப் பொறுத்திருக்க வேண்டும். அலுவலகத்தில் பிறரைக் காத்திருக்கச் செய்து பழகியவர் காத்திருக்கக் கற்றுக்கொள்வது அங்கேதான்.

குணமாகிறதா என்று கேட்பார்கள். சிலர் குணமானதாகச் சாட்சி சொல்லுகிறார்கள். அவர்கள் சந்தோஷத்தை நான் சந்தேகிப்பதில்லை. பலர் குணமாவதில்லை, அவர்களுக்கும் அதே செபமே. மேடையில் ஒலிபெருக்கி வைத்து, ஊன்றுகோலை எறியச் சொல்லி, மாத்திரையை நிறுத்தச் சொல்லுகிற கூட்டங்கள் இந்நாட்டிலும் நடப்பதுண்டு. அவற்றை இந்த மரபோடு சேர்த்தெண்ணுவது மூப்பர்களுக்குச் செய்யும் அநியாயம். நீரிழிவுக்காரரின் மருந்தை நிறுத்தச் சொல்லுகிற செபம் ஆபத்தானது என்று தயங்காமல் சொல்ல வேண்டும். திருச்சபையும் இதில் மௌனமாயிருக்கவில்லை: குருவல்லாதார் நோயாளருக்கு எவ்வகைத் தைலமும் பூசலாகாதென்று 1997-இலும், குணமடையச் செபிக்கும் கூட்டங்களில் நாடகத்தன்மையும் உணர்ச்சி வெறியும் புகலாகாதென்று 2000-ஆம் ஆண்டிலும் அது ஒழுங்கு விதித்தது. கண்டி ஆஸ்பத்திரியின் வார்டுகளில் பார்வையாளர் நேரத்தில் கட்டிலுக்குக் கட்டில் போகிற ஓய்வூதியக்காரர் எவருக்கும் இந்த விதிகள் பாரமாயிருந்ததில்லை; அவர் கொண்டுபோவது ஆரஞ்சுப்பழமும் செபமாலையும்.

ஜோசே வாஸ் சுவாமியாருக்கு 1995 ஜனவரி 21-இல் முத்திப்பேறு பட்டமும், 2015 ஜனவரி 14-இல் அர்ச்சியசிஷ்டர் பட்டமும் கொழும்பு காலிமுகத்திடலிலேயே அளிக்கப்பட்டன. வழக்கமாகக் கேட்கப்படும் இரண்டாவது அற்புதத்துக்குக் காத்திராமல், பிரான்சிஸ் பாப்பரசர் அவரைப் பீடத்துக்கு உயர்த்தினார். அம்மை வருஷத்தில் அவர் செய்த ஊழியத்தை அறிந்தவர்களுக்கு அதில் வியப்பொன்றுமில்லை.

இனி, செய்யவேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது. கண்டி மறைமாவட்டத்தின் குருமார், மேற்றிராணிமார் பெயர்களெல்லாம் பதிவேடுகளில் வரிசையாக இருக்கின்றன. மூப்பர்கள், உபதேசிமார் பெயர்களோ அவர்கள் செபஞ்சொன்ன வீடுகளின் ஞாபகத்தில் மாத்திரம் இருக்கின்றன. தெல்தோட்டையிலும் கலஹாவிலும் ஹேவாஹெட்டவிலும் எண்பது, தொண்ணூறு வயதான தாய்மார் இன்னும் சிலர், தங்கள் தகப்பனார் சாகும்போது வந்து செபித்த உபதேசியாரின் பெயரையும், அவர் எந்தத் தோட்டத்திலிருந்து நடந்துவந்தார் என்பதையும் சொல்லக்கூடியவர்கள். ஒவ்வொரு பங்கிலும் எழுதப் படிக்கத் தெரிந்த ஓய்வூதியக்காரர் ஒருவர், தாம் வியாதியஸ்தரைப் பார்க்கப்போகும் அதே வீடுகளில், ஒரு கொப்பியும் பேனாவும் கொண்டு இதைக் கேட்டு எழுதத் தொடங்கினால், இன்னும் சில வருஷங்களுக்குள் அந்த வரிசையும் நிரம்பிவிடும்.